இஞ்சினுக்கு நேர்ந்த விளக்கு

முருகன் துணை

பழைய இஞ்சின் ஷெட்டு வீடு,
தூத்துக்குடி
2.8.1976

என் கண்ணு செல்லக்கிளிக்கு,

அத்தை எழுதுதேன். எட்டு மாசத்துலயும் தண்ணிக்கொடம் தூக்குதியாமே, ஒன் மாப்பிள்ளைக்குக் கை இல்லியா? தாயில்லாப் பிள்ளைக்குத் தலைப்பேறு அத்தை வீட்டுலதான் பாக்கணும். ஆனா இது வீடாவா இருக்கு? கரி இஞ்சின் ஷெட்ட நினைவுச் சின்னம்னு ஆக்கின ரயில்வேக்காரன், அதுக்குள்ள இருக்க நம்ம வீட்டையும் சேத்துட்டான். சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, வெளியாள் தங்கக் கூடாது, ஆறு மணிக்கு கேட்டுக்குப் பூட்டு. ரிட்டயர் ஆன மாமாதான் வாச்மேன். ஓடாத இஞ்சினுக்குக் காவல்!

எல்லாம் என் வாயால வந்தது. தை மாசம் இடிக்கப் போறான்னதும், எங்க போவோம்னு பதறி, "திருச்செந்தூரா, ஷெட்ட இடிக்க விடாத. நான் கண்ண மூடுத மட்டும் ஒருநா தவறாம என் கையாலயே இஞ்சினுக்கு வெளக்கு வைக்கேன்"னு நேந்துட்டேன். "ஏளா, மொட்ட போடுதேன்னு நேந்திருந்தா ஒரு நாளோட போயிருக்கும்லா"ன்னு மாமா சிரிக்காவ. சாமியே இல்லன்னு சொல்லுத ஆளுக்கு என்ன?

நேரத்துக்குத் தின்னு தாயி.

ஒன் அத்தை
சங்கரம்மாள்

சாகுபுரம்
9.8.1976

அன்புள்ள அத்தை,

நீங்க இங்க வந்துருங்க. ஒரு மாசம் போதும். வெளக்க மாமா வைக்கட்டும். பயமா இருக்கு அத்தை. எங்கம்மா என்னப் பெத்துப் போட்டுட்டுத்தான செத்துப் போனா?

உங்க மக
செல்லக்கிளி

முருகன் துணை

தூத்துக்குடி
30.8.1976

தங்கமே,

மாமாகிட்ட ஒன் லெட்டர வாசிச்சேன். "நீ போளா. சாமிக்காவ இல்ல, பிள்ளைக்காவ நானே வெளக்கு வைக்கேன்"ன்னாவ. பழஞ்சேல, வசம்பு, பேறுகால மருந்து எல்லாம் பையில வச்சு பஸ்ஸுல ஏறிட்டேன். முத்தையாபுரம் வரைக்கும் வந்தேன் தாயி. அங்கனதான் அது நெனப்பு வந்துச்சு. என் கையாலன்னுல்லா நேந்திருக்கேன்? முருகன் கோவிச்சுக்கிட்டு ஒன் வயித்துல கை வச்சிட்டான்னா? எறங்கி, நடந்தே திரும்பிட்டேன். கேட்டத் தெறந்துவிட்ட மாமா என் பையக் கூட வாங்காம உள்ள போயிட்டாவ. இன்னிக்கும் தானாத்தான் சோறு போட்டுத் திங்காவ.

ஒனக்காவத்தான் கண்ணு இங்கன கெடக்கேன். அத்தைய வையாத.

சங்கரம்மாள்

சாகுபுரம்
17.9.1976

அத்தைக்கு,

பன்னெண்டாம் தேதி பொம்பளப் பிள்ளை பெறந்திருக்கு. ரெண்டு நாள் வலி. பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு நாளும் என் கைய விடல. நீங்க முத்தையாபுரத்துல எறங்குனத வாசிச்ச பெறகு நான் வாசலப் பாக்கல.

பிள்ளைக்கு ஒங்க பேரு வைக்கணும்னு இருந்தேன். அந்த அக்கா பேரு சண்முகத்தாய். அதையே வச்சாச்சு.

மாமாவுக்கு லீவு கெடச்சா பிள்ளையப் பாக்க வரச் சொல்லுங்க.

செல்லக்கிளி