லைசென்ஸில் ஒட்டிய நகப்பூச்சு

ஜேசன் அழுத்திய அழுத்தில் பேனா முனை தாளைக் கிழித்தது. காலைப் பூசைக்குப் போயிருந்த மனைவி லீமாவுக்கு, தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தான்.

"லீமா, நகத்துல பூ அச்சடிக்கப் போறேன்னு ஒக்காந்தியே, டிசைன் தகட்டுல மிச்சப் பாலிஷை வழிச்செடுக்க என் டிரைவிங் லைசென்ஸ்தான் கெடச்சுச்சா? வீட்ல வேற அட்டையே இல்லையா? நம்ம வண்டியில மலைமேல பூண்டிக்குப் போற டூரிஸ்ட்டுங்க வெள்ளனே வந்து வாசல்ல நின்னாங்க. செக்போஸ்ட்ல என்னத்தக் காட்ட, ஒன் நகத்தையா? சவாரி வேற வண்டிக்குப் போயிருச்சு. நீ பூசையில எல்லார்கிட்டயும் கையை நீட்டிக் காட்டிட்டு மெதுவா வா. இட்லிச் சட்டியில இட்லி அப்படியே இருக்கு, எனக்கு எறங்கல. சாவி பூந்தொட்டிக்கு அடியில."

லீமாவின் சிவப்பு நகப்பூச்சுக் கறை லைசென்ஸின் ஓரத்தில் ஒரு கோடாகத்தான் இருந்தது. அது போகவேண்டுமென்று, டூரிஸ்ட்டுகள் வருமுன்பே பஞ்சில் நகப்பூச்சு ரிமூவரைக் கொட்டித் தேய்த்தவன் ஜேசன். கறை போனது. விடாமல் தேய்த்ததில் அவனுடைய போட்டோவும் கரைந்துபோனது. வெறும் வெள்ளையாகிவிட்ட அந்தக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு இன்னும் எரிந்தது.

"இப்ப லைசென்ஸ்ல எம் மூஞ்சியே இல்ல. எல்லாம் ஒன்னாலதான்! புதுசுக்கு எழுதிக் குடுக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மலையெறங்கிப் போறேன். போன் பண்ணாத."

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. வாசல் வரை போனவன் திரும்பி வந்து, ஓரத்தில் பொடி எழுத்தில் இடுக்கி எழுதினான்:

"ரிமூவர் பாட்டில் காலி. எப்படின்னு கேக்காத."