கடைசித் தாளின் கையெழுத்துகள்

கிண்ணியா,
12.02.2016

அன்புள்ள தவராசா அண்ணனுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பென்சன் எடுத்த பிறகும் கச்சேரியில் செய்த அலுவலக எழுத்து வேலை என்னை விடவில்லை, எல்லாம் உங்களால்தான். புதிய அரசியலமைப்புக்கு ஊரின் கருத்தைக் கேட்கும் குழுவுக்கு நாம் கொடுக்கும் மனுவின் கடைசித் தாளை இத்துடன் அனுப்புகிறேன். ஜும்ஆ தொழுகை முடிந்து நாற்பத்து மூன்று பேர் கையெழுத்து வைத்தார்கள். முதலிரண்டு தாளையும் பார்க்க வேண்டுமென்று சிலர் நின்றார்கள். "தவராசா அண்ணன்தான் டைப் பண்ணுறார், நான் பொறுப்பு" என்றேன்.

மூன்றாம் பந்தி பேசியபடியே இருக்கட்டும்: முஸ்லிம் மக்களின் சம்மதம் இல்லாமல் வடக்கையும் கிழக்கையும் இணைக்கக் கூடாது. அந்த வரிக்காகத்தான் அவர்கள் பேனையைத் தொட்டார்கள்.

தயிர்ச் சட்டியைத் திருப்பித் தர மறக்க வேண்டாம். என் மனைவி றஹ்மா கேட்டபடி இருக்கிறா.

அன்புடன்,
அபூதாஹிர்

திருகோணமலை,
25.02.2016

அன்பு அபூதாஹிர் நானா,

மனுவை நேரில் கொடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டார்கள். சொற்களைக் கொஞ்சம் சீர்செய்தேன். சட்டி பத்திரம், வரும்போது கொண்டு வருகிறேன்.

தவராசா

கிண்ணியா,
09.03.2016

தவராசா அண்ணனுக்கு,

மனுவின் பிரதி கைக்கு வந்தது. மூன்றாம் பந்தியைக் காணவில்லை. கையெழுத்துகள் அப்படியே இருக்கின்றன. போனில் கதைத்தால் கோபம் வந்துவிடும். ஏன் என்று எழுதுங்கள்.

அபூதாஹிர்

திருகோணமலை,
14.03.2016

அன்பு நானா,

மன்னியுங்கள். எங்கள் தமிழ் ஆட்கள் வரைவைப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு வரியைப் பிடிச்சே இணைப்பை இல்லாமலாக்கிப் போடுவாங்கள்" என்றார்கள். எனக்கும் பயம் வந்துவிட்டது. தெற்கில் சிங்களவருக்கு நாடு பிரிந்துவிடுமென்று பயம். உங்களுக்கு நாங்கள் உங்களை அமுக்கிவிடுவோமென்று பயம். எல்லோரும் பயந்து பயந்துதானே எழுதுகிறார்கள்? மனு போகட்டும், பிறகு உங்களிடம் சொல்லலாம் என்றிருந்தேன். முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தவர்கள் நாம். இதைப் பெரிதாக்க வேண்டாம்.

என்றும் உங்கள்,
தவராசா

கிண்ணியா,
21.03.2016

திரு. தவராசா அவர்களுக்கு,

பயந்தது பிழையில்லை. அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். சண்டை பிடித்தாவது இருவருமாக வேறொரு வரி எழுதியிருப்போம். நீங்கள் என் ஆட்களின் பெயர்களை வைத்துக்கொண்டு அவர்கள் சொன்னதை எடுத்துவிட்டீர்கள்.

நாற்பத்து மூன்று வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். ஒருவரும் ஏசவில்லை. அன்று மற்றத் தாள்களைக் கேட்டு நின்ற ஸெய்னுதீன் மட்டும், "நாங்க அண்டைக்கே கேட்டமே நானா" என்றார்.

எங்கள் பெயர்களை நீக்கும்படி குழுவுக்கு எழுதியிருக்கிறோம். இந்த முறை ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வாங்கினேன். சட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதமும் இரண்டு தாள். இரண்டின் அடியிலும் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

எம். அபூதாஹிர்