தாடி மாமாவுக்கு என்ன கொடுப்பது

மார்ச் 4

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நாற்பது வருடம் நூல் பிடித்துத் தரைக்கு டைல்ஸ் ஒட்டிய கைதான். ஆனாலும் பேனாவைப் பிடித்தால் வரி மாடிப்படி ஏறுகிறது. நேற்றுக் காலை ஆரம்பித்த கடிதம் இது.

யார் கையெழுத்து என்று யோசிப்பாய். என்னுடையதுதான். போன வருடம் வரை எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும், அளவெடுக்க அது போதும். மற்றதெல்லாம் உன் அம்மா படித்துச் சொல்வாள். அவள் போன பிறகு "கண்ணாடி உடைஞ்சிருச்சுப்பா" என்று உன்னிடம் சமாளித்தேன். நீயும் இரண்டு கண்ணாடி வாங்கிக் கொடுத்தாய். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

உன்னைப் பார்க்க ஒரே தடவை சிறைக்கு வந்தேனே, அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ரெண்டு நாள் பயணம்பா, இனி அலையாதீங்க. இங்க போனும் கிடையாது. லெட்டர் போடுங்க" என்றாய். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலால் இரண்டு வருடம் போயிற்று.

உன் கடிதங்கள் பதினேழும் வந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டு டைல்ஸ் பெட்டியில் அடுக்கியிருக்கிறேன். யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வேன்? நீ ஸ்டியரிங்கில் ஒரு நொடி கண் அசந்ததும், ஒரு வீட்டில் ஆள் இல்லாமல் போனதும் இந்தத் தெருவுக்குத் தெரியாது. வெளிநாட்டில் லாரி ஓட்டுகிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதனால்தான் பெரியவர்கள் மாலை வகுப்பில் சேர்ந்தேன். இப்போது முதல் இரண்டு கடிதங்களை முடித்துவிட்டேன். ஒன்றுக்கு நாலு நாள் ஆகிறது.

சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பேருந்தின் நெற்றியில் ஊர் பெயர் இருக்கிறது, பார்த்தாயா? மாடி வீட்டுக் கதவில் "செருப்பைக் கழற்றவும்" என்று எழுதியிருக்கிறது. பத்து வருடமாகச் செருப்போடு நுழைந்திருக்கிறேன். அந்த அம்மா ஏன் முறைக்கிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது.

நீ கண்ணாடிப் பெட்டியில் விட்டுப்போன தாடி ஓணான், உன் தாடி மாமா, நன்றாக இருக்கிறார். கோபம் வந்தால் கழுத்து முள்ளை விரித்துக் கறுத்துப்போகிறார், உன் அம்மாவின் அண்ணன் மாதிரியேதான். ஓணான்தானே, என்ன தின்னும் என்று முதலில் பயந்தேன். வளர்ப்புப் பிராணிக் கடைக்காரர் விற்கும் மஞ்சள் புழு என்றால் உயிர். தினமும் ஒரு கைப்பிடி கொடுக்கிறேன். நடுவில் பாலக்கீரை. விளக்கு இன்னும் நன்றாக எரிகிறது, மாற்றவே இல்லை. நீ வைத்துவிட்டுப் போன வெள்ளை டப்பாவை எறும்புப் பொடி என்று ஜன்னல் ஓரம் தூவினேன். எறும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொஞ்ச நாளாகப் பின்னங்காலை இழுத்துக்கொண்டு நகர்கிறார். வயதாகிறது போல.

உன் அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். செருப்பு விஷயத்தைப் படித்துவிட்டு நான் சிரித்ததைப் பார்த்து, பக்கத்துக் கட்டிலில் இருக்கும் தையற்காரர் "என்னப்பா, விடுதலையா?" என்றார்.

முதலில் மாமாவைக் கவனியுங்கள். அவருக்கு வயதாகவில்லை, மூன்று வயதுதான். காலை இழுக்கிறார் என்றால் எலும்பு மிருதுவாகிவிட்டது. என்ன கொடுப்பது என்றெல்லாம் கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் எழுதி ஒட்டியிருந்தேன். "ஒட்டியிருக்கேன்பா, பாத்துக்கங்க" என்றதும் சரி என்றீர்கள்.

மஞ்சள் புழுவை இன்றோடு நிறுத்துங்கள். அது வெறும் கொழுப்பு. குட்டிக்குத்தான் பூச்சி நிறைய வேண்டும். வளர்ந்தவருக்குத் தட்டில் முக்கால் பங்கு இலையும் காயும் இருக்கட்டும். கடுகு இலை, பூசணித் துருவல், கொஞ்சம் காரட் கொடுக்கலாம். பாலக்கீரை வேண்டாம், அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் சிள்வண்டு. அந்த வெள்ளை டப்பா எறும்புப் பொடி இல்லை அப்பா. அதுதான் அவருடைய கால்சியம். பூச்சியை அதில் புரட்டித்தான் போட வேண்டும். எந்தத் துண்டும் அவருடைய இரண்டு கண்களுக்கு நடுவில் உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது. விளக்கையும் மாற்றுங்கள். வெளிச்சம் இருக்கும், ஆனால் எலும்புக்கு வேண்டிய கதிர் ஒரு வருடத்தில் தீர்ந்துவிடும். உடனே விலங்கு டாக்டரிடம் காட்டுங்கள்.

நீங்கள் என்னைக் கைகழுவிவிட்டீர்கள் என்றே நினைத்திருந்தேன்.

மகன்

ஏப்ரல் 2

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை ஒன்றரை நாளில் படித்துவிட்டேன். பிறகு பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டையும் படித்தேன். எல்லாம் அப்படியே இருக்கிறது. அந்தச் சீட்டின் மேல்தான் தினமும் கை வைத்துச் சாய்ந்துகொண்டு புழு போட்டிருக்கிறேன். "கால்சியம்" என்ற இடத்தில் என் விரல் அழுக்கு படிந்திருக்கிறது.

டாக்டரிடம் கொண்டுபோனேன். சின்ன வயதுப் பெண்தான், வாய் பெரிது. "பெரியவரே, வெயில் கிடையாது, ஒரே சாப்பாடு, நாலு பக்கமும் சுவரு. ஜெயில்ல வெச்ச மாதிரி வெச்சிருக்கீங்களே" என்றாள். வளைந்த எலும்பு நேராகாதாம். இனிமேல் ஒழுங்காகக் கொடுத்தால் உயிர் நிற்கலாம் என்றாள். நிற்கும் என்று சொல்லவில்லை.

புது விளக்கு போட்டாயிற்று. மாமாவின் கண்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்தேன். பதினாலு மில்லிமீட்டர். பூசணியைப் பத்துக்கு மேல் போகாமல் துருவுகிறேன். முதல் மூன்று நாள் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "புழுவுக்குப் பழகின வாய், உங்களை மாதிரி ஆளுக்குப் பூசணி எறங்குமா" என்று திட்டினேன். நாலாம் நாள் என் விரலிலிருந்து நக்கி எடுத்தார். வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்.

உன் கடிதங்களில் எட்டு முடிந்தது. ஆறாவதில் நீ சமையலறை வேலைக்கு மாறியதை எழுதியிருந்தாய். வெங்காயம் உரித்து அழுவதாக எழுதியிருந்தாய். வெங்காயத்தால்தானே?

உன் அப்பா

ஏப்ரல் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

மாமா நக்கினார் என்று படித்ததும் அதுவே போதும் என்று இருந்தது.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதீர்கள். பதினோராவது கடிதத்தைப் படிக்க வேண்டாம். உறையோடு எரித்துவிடுங்கள். அதில் இப்போது ஒன்றும் இல்லை. பன்னிரண்டுக்குப் போய்விடுங்கள்.

வெங்காயத்தால்தான்.

மகன்

மே 3

அன்பு மகனுக்கு,

எழுபத்தொரு வயதில் படிக்கக் கற்றுக்கொண்டவனிடம் போய் இதைப் படிக்காதே என்கிறாய். படித்துவிட்டேன்.

போன ஆகஸ்டில் எழுதியிருக்கிறாய். நன்னடத்தைக்காக உன்னை முன்கூட்டியே விட யோசிக்கிறார்கள், வீட்டில் சேர்த்துக்கொள்கிறேன் என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது. படிவமும் உறைக்குள்ளேயே இருக்கிறது. செப்டம்பர் பத்துக்குள் வராவிட்டால், "அப்பாவுக்கு நான் வேண்டாம் போலனு எடுத்துக்கிறேன், வருத்தமில்ல" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் மட்டும் மை கலைந்திருக்கிறது.

செப்டம்பர் பத்தாம் தேதி நான் என்ன செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. மாமாவுக்குப் புழு போட்டிருப்பேன்.

படிவத்தை நானே நிரப்பினேன். விரல் ரேகை வைக்கவில்லை, கையெழுத்தே போட்டேன். தேதி தாண்டியது தெரியும். ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமா செவ்வாய்க்கிழமை போய்விட்டார். காலையில் விளக்கைப் போட்டேன், கண் திறக்கவில்லை. வாய் ஓரத்தில் முந்தின நாள் பூசணி ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசி ஒரு மாதம் நீ சொன்னது எல்லாம் சொன்னபடி கொடுத்தேன். அதற்கு முன் இரண்டு வருடம் கொடுத்ததுதான் ஜெயித்தது.

முதலில் வேறு மாதிரி ஒரு பக்கம் எழுதினேன். மாமா நன்றாக இருக்கிறார், கடுகு இலை சாப்பிடுகிறார் என்று. கை கொஞ்சமும் நடுங்கவில்லை, வரி நேராகவே வந்தது. பயந்துபோய்க் கிழித்தேன். கண்ணாடி உடைந்தது என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தவன், இனிக் கையாலும் சொல்ல வேண்டாம்.

உன் அப்பா

ஜூன் 14

அன்பு மகனுக்கு,

போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. ஆறு வாரம் ஆகிறது. தபால்காரர் என்னைக் கண்டாலே தூரத்திலிருந்து கையை விரிக்கிறார். நேற்று அவரிடம், "பரவால்ல தம்பி, எம் பையன் இப்படி ரெண்டு வருசம் நின்னிருக்கான்" என்றேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் என்னோடு நின்றார்.

சிறை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. நானே படித்தேன். முன்விடுதலைக்கு அடுத்த தடவை உன் பெயரைப் பார்ப்பது ஒன்றரை வருடம் கழித்துத்தான். படிவத்தைக் கோப்பில் வைத்திருக்கிறார்களாம். அதற்குள் நான் விழுந்துவிடக் கூடாது என்று மாமாவின் கடுகு இலையையும் பூசணியையும் இப்போது நான் சாப்பிடுகிறேன். பல் இல்லாதவனுக்கும் பத்து மில்லிமீட்டர்தான் சரியான அளவு.

பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன். உன் சீட்டைப் பிய்க்கவில்லை.

பதினேழு கடிதமும் முடிந்தது. கடைசியில் நீ எதுவும் கேட்கவே இல்லை. வெயிலைப் பற்றி மட்டும் மூன்று வரி எழுதியிருந்தாய்.

கோபம் இருந்தால் இருக்கட்டும், எழுதாதே. பதில் இல்லாமலே நீ பதினேழு எழுதினாய். இது எனக்கு நாலாவதுதான். அடுத்த வாரம் ஐந்தாவது எழுதுகிறேன்.

உன் அப்பா