பாரிஸில் விமானம் மாறுவது

ஜனவரி 11, ஞாயிறு

மைனஸ் இருபத்திரண்டு. வாசல் பனி தள்ளியது நான். இவருக்கு முதுகுப் பிடிப்பு. பனி கொட்டும் நாட்களில் மட்டும் வருகிற பிடிப்பு.

பயணம் முடிவாகிவிட்டது. மாமியாரின் தம்பி மகனுக்கு யாழ்ப்பாணத்தில் கல்யாணம். 23ஆம் திகதி காலை பொன்னுருக்கல். தாலிக்கு உருக்க வேண்டிய பவுனை மாமி கொண்டுபோவதாக வாக்கு. தம்பியார் தொலைபேசியில் அழாத குறை: "அக்கா, நீங்கள் வந்து உங்கட கையாலை தராமல் நான் உருக்க விடமாட்டன்." நல்ல நேரம் அன்று காலை மட்டும். இவருக்கு லீவு இல்லையாம். ஆகவே மாமிக்குத் துணை நான்.

பாரிஸில் விமானம் மாற வேண்டும். நடுவில் இரண்டு மணித்தியாலம். தவறவிட்டால் கொழும்புக்கு அடுத்தது இரண்டு நாள் கழித்து. பவுன் போய்ச் சேரும், நேரம் போயிருக்கும்.

வாங்க: காலுறை, மாமிக்கு இஞ்சி மிட்டாய், எனக்குப் பொறுமை.

ஜனவரி 13, செவ்வாய்

கொஞ்சம் இளகல். தெருவெல்லாம் சேறு.

மத்தியான இடைவேளையில் நூலகத்தில் என் மேசையிலேயே இருந்து, பாரிஸ் விமான நிலையம் பற்றிப் பயணிகள் எழுதி வைத்திருப்பதைப் படித்தேன். ஒருவர்: பலகைகளை மட்டும் பாருங்கள். இன்னொருவர்: பலகைகளை நம்பாதீர்கள், ஆட்களைக் கேளுங்கள். மூன்றாமவர்: நிதானமாக இருங்கள். அவர் மாமியாருடன் போகவில்லை போலும்.

முனையங்கள் ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டுக்குள் ஏ முதல் ஜி வரை. அதில் ஈ-க்குள் கே, எல், எம். நடுவில் எச், ஐ, ஜே என்ன ஆயின என்று ஒருவரும் எழுதவில்லை. நாங்கள் இரண்டில் இறங்கி ஒன்றுக்குப் போக வேண்டும்.

பக்கத்து மேசை வித்யா, சென்னைக்காரி, தேற்றினாள்: "அக்கா, ஒண்ணுமே இல்ல. இறங்கினதும் எல்லாரும் எங்க ஓடுறாங்களோ அங்க ஓடுங்க. நான் அப்படித்தான் ஓடினேன்."

எங்கே போய்ச் சேர்ந்தாய் என்று கேட்டேன்.

"பெட்டி எடுக்கிற இடத்துக்கு. ஃபிளைட் போயிடுச்சு."

ஜனவரி 17, சனி

நானே ஒரு பக்கத்தில் வழிகாட்டி எழுதி முடித்தேன். எங்கே திரும்புவது, எங்கே பஸ், எங்கே கழிப்பறை. இரவுச் சாப்பாட்டில் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். புட்டைப் பிசைந்தபடி கேட்டார்.

"இவ்வளவும் என்னத்துக்குப் பிள்ளை? ஒரு வீல்செயார் போட்டா அவங்களே தள்ளிக்கொண்டு போய் விடுவாங்கள்."

எனக்குப் பிடிக்காத பேச்சு. எங்கள் சனத்தில் அறுபது கடந்த யாரும் விமான நிலையத்தில் நடப்பதில்லை. இங்கே லவாலில் கடைகடையாக நாள் முழுக்க ஏறி இறங்குகிறவர்கள், கோயில் தேர் இழுக்கிறவர்கள், எல்லோருக்கும் டிக்கெட்டோடு ஒரு சக்கர நாற்காலி. பாஷை தெரியாது, வழி தெரியாது, அதற்குக் கால் மேல் பழி. கொழும்பில் இறங்கியதும் எழுந்து பெட்டி தூக்குவார்கள்.

இவர் உடனே: "அப்ப அம்மாவுக்கு ஒண்டு போடுவம்."

"எனக்கோ? உனக்கென்ன விசரோ? இவ்வளவு காலத்துக்குப் பிறகு போறன். கலியாண வீட்டுக்கு வண்டியிலை வந்திறங்கினாள் எண்டு ஊர் கதைக்கும். நான் நடப்பன்."

முதன்முறையாக மாமியும் நானும் ஒரே பக்கம். மகிழ்ச்சியாகப் பாத்திரம் கழுவினேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பனிப்புயல். பியர்பொன்ட்ஸ் வீட்டிலிருந்து விமான நிலையம் வரை இவர் ஊர்ந்துதான் ஓட்டினார். "நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்" என்று வழி முழுக்கச் சொன்னார். அதனால் யோசித்தேன்.

பெட்டி கொடுக்கும் இடத்தில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். மேசைக்கு மேலால் எட்டி என் கால்களைப் பார்த்தாள். சக்கர நாற்காலி இப்போதே வேண்டுமா, இல்லை பாரிஸிலிருந்தா என்று பிரெஞ்சில் கேட்டாள். மாமிக்கு அல்ல. எனக்கு.

கணினிப் பிழை என்றேன். வேண்டாம், மெர்சி. மாமி கைப்பையைத் திறந்து எதையோ மும்முரமாகத் தேடினார்.

இப்போது விமானத்துக்குள். ஏறி ஒரு மணித்தியாலத்துக்கு மேல். இறக்கையில் பனி கழுவ வரிசையில் நிற்கிறதாம். பாரிஸ் இடைவெளி இங்கேயே கரைகிறது. சற்று முன் மாமி:

"பிள்ளை, கோவிக்காதை. அந்த டிக்கெட் போடுற அண்ணையிட்டை நான்தான் சொன்னனான்."

"என்ன சொன்னீங்கள்?"

"உன்ர பேரிலை ஒரு வண்டி போடச் சொல்லி. வண்டியோடை கூடப் போற ஆளையும் மறிக்காமல் விடுவாங்கள். உனக்கென்ன, நீ சின்னப்பிள்ளை. உன்னை அங்கை ஆர் பாக்கப் போகினம்?"

எனக்கு நாற்பத்தொன்பது. செத்தாலும் அதில் இருக்கமாட்டேன் என்றேன். "சரி, சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். கை மட்டும் இடுப்பில். பவுன் அங்கேதான், கைக்குட்டையில் முடிந்து ஊசி குத்தி.

ஜனவரி 21, புதன்

கொழும்பு விமானத்தில். ஆம், பிடித்துவிட்டோம். எப்படி என்பதைச் சூட்டோடு எழுதுகிறேன்.

பாரிஸில் இறங்கும்போது முக்கால் மணித்தியாலம்கூட மிச்சமில்லை. விமான வாசலில் சீருடையில் ஒருவர், கையில் என் பெயர், முன்னால் நாற்காலி. என்னால் நடக்க முடியும் என்று நல்ல பிரெஞ்சில் சொன்னேன். அவர் என் பெயரை இன்னொரு முறை பார்த்தார்.

"அக்கா தமிழோ? நடக்கேலுமெண்டா நல்லது. அந்தச் சோதனை வரிசையிலை நில்லுங்கோ. ஏலாதெண்டா இதிலை இருங்கோ. கெதியாச் சொல்லுங்கோ."

வரிசையின் தலை தெரிந்தது. வால் தெரியவில்லை. மாமி இடுப்பைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார். முகம் சின்னதாகப் போயிருந்தது.

நாற்காலியில் இருந்தேன்.

"காலோ, இடுப்போ?" என்றார் தள்ளிக்கொண்டே.

"முழங்கால்."

பின்னாலிருந்து மாமி: "வாதம், தம்பி. கட்டி வந்த நாள் துவக்கம் இப்பிடித்தான். அதாலை வீட்டு வேலையும் பெரிசாச் செய்யிறேல்லை."

"ஐயோ பாவம். அம்மா ஊரிலை எவ்விடம்?"

மாமி ஊரைச் சொன்னார். தள்ளுகிறவருடைய சின்னக்கா அதே ஊரில், அதே ஒழுங்கையில் கலியாணம் கட்டியிருக்கிறாவாம். மின்தூக்கி வருவதற்குள் இருவரும் உறவு கொண்டாடிவிட்டார்கள். என்னை ஒரு சாமான்போலத் தள்ளினார். மாமி எங்கள் இரண்டு கைப்பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். "தம்பி, கெதியா!"

"அம்மா, மெல்லப் போங்கோ, எனக்கு மூச்சு வாங்குது."

எதிரே வந்த வெள்ளைக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன்.

ஊழியர் கதவு, பின்பக்க நடைபாதை, ஒரு குட்டி பஸ். நான் படித்த எதிலும் இல்லாத இடங்கள். சோதனையில் மாமி கடந்தபோது இயந்திரம் கத்தியது. அங்கிருந்த பெண்ணுக்கு மாமி கைக்குட்டையை அவிழ்த்துப் பவுனைக் காட்டி, கழுத்தைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டும் காட்டினார். அவள் பூரித்து "ஃபெலிசித்தாசியோன், மதாம்" என்று வாழ்த்தினாள். மணப்பெண் மாமி என்று நினைத்தாளோ தெரியாது. மாமி "மெர்சி, மெர்சி" என்று தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

கடைசியாக ஏறியவர்கள் நாங்கள்.

ஜனவரி 23, வெள்ளி. யாழ்ப்பாணம்

வெயில். காற்று இல்லை.

பொன்னுருக்கல் நேரத்துக்கு நடந்தது. மாமி நிமிர்ந்து நின்று பவுனைக் கொடுத்தார், தம்பியார் சத்தமாக அழுதார், ஆசாரி "புகை வருது, தள்ளி நில்லுங்கோ" என்று அதட்டினார். "அக்கா அப்பிடியே இருக்கிறா, ஒரு தளர்வும் இல்லை" என்று ஊர் முழுக்கப் பேச்சு. அழகாகத்தான் இருந்தார். எனக்கும் கண் கலங்கியது, புகை என்று வைத்துக்கொள்வோம்.

பேச்சின் மறுபாதி என்னைப் பற்றியது. பாரிஸில் என்னைத் தள்ளிய தம்பி அன்றைக்கே தன் சின்னக்காவுக்குச் சொல்லியிருக்கிறார். நேற்று கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்து சேர்ந்தபோது என்னைத் தூக்கி இறக்க வாசல் படலையில் இரண்டு பேர் தயார். இன்று எல்லோரும் நிற்க எனக்கு மட்டும் கதிரை. எழும்பினால் நாலு பக்கமும் கூச்சல்: "இருங்கோ, இருங்கோ!" ஒரு அம்மா என் காதுபட: "பாவம் அந்த மாமி. இந்த வயசிலை மருமேளையும் பாத்துக்கொண்டு..."

மாமி மறுக்கவில்லை.

ஜனவரி 24, சனி

காலையிலேயே அந்தச் சின்னக்கா. கையில் காய்ச்சிய எண்ணெய், ஆவி பறக்க. கடுமையான வாசனை. பாயை விரித்து என்னை இருத்திவிட்டுக் கேட்டார்:

"எந்த முழங்கால், பிள்ளை?"

"வலது" என்றேன்.

அதே நேரம் குசினி அடுப்படியிலிருந்து மாமி: "இடது!"

மாமி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். சின்னக்கா அந்த வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சேலையை இடுப்பில் செருகினார்.

"அப்ப ரெண்டிலையும் போடுவம். காலை நீட்டுங்கோ."

நீட்டினேன். நல்ல சூடு. மாமியிடம் சொல்லப் போவதில்லை, சுகமாகத்தான் இருக்கிறது.