கிளீனர் இருக்கையில் வந்த மாணவிக்கு வருகைப் பதிவு

அனுப்புநர்
நிலவியல் மூன்றாம் ஆண்டு மாணவி,
மாணவியர் விடுதி.

பெறுநர்
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம்.

பொருள்: களப்பயணம் முழுவதும் உடனிருந்தும் 'வரவில்லை' எனப் பதியப்பட்டதைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வகுப்பு, விடுதி, ஆய்வகம் என்று எல்லாக் கட்டணமும் கட்டி முடித்தபோது, சென்ற மாதக் களப்பயணத்துக்குக் கட்ட வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை. என் தந்தை வாடகைப் பேருந்து ஓட்டுநர். துறை அமர்த்திய பேருந்தை ஓட்ட அவருடைய முதலாளி அனுப்பியது அவரைத்தான். இது தற்செயல், என் ஏற்பாடு அல்ல.

2. அந்தப் பேருந்துக்குக் கிளீனர் கிடைக்கவில்லை. முதலாளியிடமும் பேராசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்த வேலைக்கு நான் போனேன். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கண்ணாடி துடைத்தேன், சக்கரத்துக்குக் கல் வைத்தேன், மலைப்பாதையில் வண்டிக்குப் பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுத்தேன். வண்டி நின்ற இடத்திலெல்லாம் துடைக்கும் துணியைப் போட்டுவிட்டுச் சுத்தியலோடு வகுப்பில் சேர்ந்துகொண்டேன். பாறை அடுக்குகளின் சாய்வை அளந்தேன், மாதிரி எடுத்தேன், அறிக்கை எழுதிக் கொடுத்தேன். வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் அந்த அறிக்கைக்குத்தான் கிடைத்தது.

3. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கட்டணப் பிரிவு எழுத்தர் என் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதிவிட்டார். நேரில் போய்க் கேட்டேன். "பணம் கட்டினவங்கதாம்மா ஸ்டூடண்ட். பஸ்ல வந்தது கிளீனர். கிளீனருக்கு எப்படிம்மா அட்டெண்டன்ஸ் போடுறது?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பிச் சொன்னார். வருகை இல்லாததால் மதிப்பெண் செல்லாது. அது செல்லாவிட்டால் இறுதித் தேர்வு எழுத முடியாது.

4. களப்பயணக் கட்டணம் இருக்கைக்கும் சாப்பாட்டுக்கும் தங்கும் அறைக்கும் உரியது என்று தங்கள் சுற்றறிக்கையே சொல்கிறது. நான் உட்கார்ந்தது கிளீனர் இருக்கை. சாப்பாடு முதலாளி செலவு. தூங்கியது பேருந்துக்குள். பல்கலைக்கழகத்துக்கு என்னால் ஒரு டீ செலவுகூட இல்லை. பாறையைப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டென்றால் அதைத் தெரிவிக்கவும்.

5. கட்டணம் கட்டிய என் தோழி முதல் வளைவிலேயே வாந்தி எடுத்து, திரும்பி வரும்வரை கடைசி இருக்கையை விட்டு எழவில்லை. கழுவி விட்டதும் நான்தான். அவளுக்கு முழு வருகை. அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. எனக்காகச் சாட்சி சொல்ல அவளே முன்வந்திருக்கிறாள். வகுப்பே பார்க்க நின்ற என்னை வரவில்லை என்று எழுதுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

6. கிளீனராகப் போனதில் எனக்குத் துளியும் வெட்கமில்லை. வரவில்லை என்று எழுதியதில்தான் கோபம். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஆகவே என் வருகையைப் பதிந்து, மதிப்பெண்ணைச் சேர்த்து, தேர்வு எழுத அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இனிமேலும் கட்ட முடியாதவர்கள் வேலை செய்து வர வழி இருந்தால், கிளீனர் இருக்கைக்கு எங்கள் வகுப்பில் போட்டியே நடக்கும்.

அவசரத்துக்குக் காரணம் ஒன்று உண்டு. வரும் திங்கட்கிழமை இரண்டாம் ஆண்டு மாணவர்களை ஏற்ற அதே பேருந்து நம் வாசலுக்கு வருகிறது. ஓட்டுநரும் என் தந்தையே. என் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கு இன்னும் தெரியாது. இறங்கியதும் பேராசிரியரிடம், "என் பொண்ணு எப்படி பண்ணியிருக்கா சார்?" என்று கேட்பார். கேட்காமல் வண்டியை எடுக்கமாட்டார். பேராசிரியர் என்ன பதில் சொல்வது என்பதைத் தாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இடம்: மாணவியர் விடுதி
நாள்: வியாழக்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
களப்பயணத்துக்கு வந்த மாணவி