பக்கத்துக் கதிரை

மச்சான்,

நேற்று உன் மகள் ஒரு பிஸ்கற் பேணியைக் கொண்டுவந்து தந்தாள். "அங்கிள், அப்பா இதை உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர். உள்ளுக்க என்னண்டு எங்களுக்குத் தெரியாது." மூடியைத் திறந்ததும் வினாகிரி மணம். பழைய படச்சுருள் பழுதானால் அப்படித்தான் மணக்கும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். உள்ளே விரல் நீளத்தில் ஒரு சுருள் துண்டும் ஒட்டிய கடித உறையும் இருந்தன.

எழுபதுகளின் கடைசியில், ஊரை விட்டு வெளிநாடு வந்த புதிதில், கிளேட்டனில் நாம் ஒரே அறையில் இருந்த மாணவர்கள். ஞாயிறு பிற்பகல்களில் நீ ஒரு பழைய தியேட்டரில் படம் ஓட்டினாய். எனக்கு ஓசி. கடைசி வரிசையில் இருந்து, பக்கத்துக் கதிரையில் என் கறுப்புக் கோட்டைப் போட்டு உனக்கு இடம் பிடிப்பேன். மேல் அறை மெஷினில் அடுத்த சுருளைப் பூட்டிவிட்டு ஓடிவந்து பத்து நிமிஷம் இருப்பாய், படத்தை நக்கலடிப்பாய், திரும்ப ஓடுவாய்.

அந்த ஸ்பானியப் பேய்ப்படத்துக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை. படத்துக்குள்ளும் ஒரு தியேட்டர். அங்கேயும் சனம் படம் பார்க்கிறது. கதிரைகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின்றன. யாரும் எழும்பிப் போவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு பேரில், அடுத்த தரம் காட்டும்போது ஒராள் இல்லை, அவ்வளவுதான். நான் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கென்று நீ கீழே வரவுமில்லை.

சுருள் முடியும் நேரம் திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னும். கண்டதும் அடுத்த சுருள் பூட்டிய மெஷினுக்கு மாற்றவேண்டும். படத்துக்குள் ஓடிய படம் திரை முழுக்க வந்தபோது அதன் மூலையிலும் ஒரு பொட்டு மின்னியது. உன் பழகிய கை மெஷினை மாற்றிவிட்டது. பாதிச் சுருள் ஓடாமலே போனது. பார்த்தவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

சனம் போனபிறகு சிரித்துக்கொண்டு வந்தாய். "படம் பொய்ப் பொட்டைக் காட்டி என்னைப் பேக்காட்டிப் போட்டுது மச்சான். நில்லு, மிச்சத்தை ஓட்டிப் பாத்திட்டு வாறன்."

வாசலில் காத்திருந்தேன். நீ இறங்கி வந்தபோது முகத்தில் இரத்தமில்லை.

"என்னடா பாத்தனி?"

"ஒண்டுமில்லை. கோட்டை எடு, போவம்."

அந்தக் கிழமையே வேலையை விட்டாய். அதற்குப் பிறகு ஒருநாளும் என் பக்கத்தில் நீ இருக்கவில்லை. ரயிலில் எதிரே இருந்தாய். என் கலியாணத்தில் சுவரோடு நின்றாய். நான் என்ன பிழை விட்டேன் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்! "உனக்கென்ன விசரே? வா, சாப்பிடுவம்" என்று சொல்லிவிட்டு எதிர்க்கதிரையை இழுத்தாய். உன் செத்தவீட்டிலும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை அந்தத் துண்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அன்றைக்கு ஓடாமல் போன பாதியிலிருந்து நீ வெட்டியதாகத்தான் இருக்கும். ஒரு தியேட்டரின் கடைசி வரிசை. ஒரே ஒரு ஆள், முகம் தெளிவில்லை. பக்கத்துக் கதிரையில் ஒரு கோட்டு. கறுப்புக் கோட்டு ஊரெல்லாம் கிடக்கிறதுதான். ஆனால் கோட்டின் ஒரு கை நிலத்தில் படும்படி அதைப் போட்டிருந்த விதம் என்னுடையது. துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டியிருக்கிறேனா என்று போய்ப் பார்த்தேன்.

பிறகுதான் உறையைப் பிரித்தேன். உன் கையெழுத்து: "பக்கத்தில பக்கத்தில இருந்தாத்தானே ஒராள் இல்லாமப் போகும். அதுதான் மச்சான்."

அட விசரா! அதற்குப் பயந்து இத்தனை வருஷம் அந்தக் கதிரையை நீயேயல்லவா வெறுமையாக்கினாய்? என்னைக் காப்பாற்றினாயாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேருமாகப் பயந்திருப்போமே.

தியேட்டருக்குப் போனால் இப்போதும் என் கை தானாகப் பக்கத்துக் கதிரையில் கோட்டைப் போடும். யாராவது வந்து கேட்டால் எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். இனி எடுக்கமாட்டேன். "இதில ஆள் இருக்கோ?" என்று கேட்டால், ஓம் என்பேன்.