உரிமையாளர் கையொப்பம்

மஸ்கட்
4.7.2003

அன்புள்ள அம்பிகா,

நீயும் உன் வீட்டுக்காரரும் மகளும் நலமா? இங்கே அடிக்கிற வெயில் நம் வேலூர் வெயிலைத் தம்பி என்று கூப்பிடும். வார்டில் நாலு நர்ஸ் பார்க்க வேண்டிய வேலையை இரண்டு பேர் பார்க்கிறோம். புலம்பல் போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

நெட்டில் நம் பக்கம் ஏறிவிட்டது. இலவசமாக இடம் தரும் ஒரு அமெரிக்கக் கம்பெனியில் போட்டிருக்கிறேன். மேலே என் அப்பா தேவசகாயத்தின் படம். அதற்குக் கீழே உன் தோல் கம்பெனி ஆபீசிலிருந்து நீ எடுத்துக் கொடுத்த தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, நாலு தாளும். நம் தெருவின் ஒன்பது கிணறுகளும் வரிசையாக இருக்கின்றன. ஆறாவது எங்களுடையது. குரோமியம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று எல்லாம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'குடிக்கத் தகுதியற்றது' என்று எழுதியிருக்கிறது. தேதி மார்ச் 1996.

அந்தத் தேதியைக் கவனி. அதற்கு அடுத்த வருஷம்தான் உன் முதலாளி எங்கள் வாசலில் நின்று, "இந்தத் தண்ணிக்கு இன்னா கொறச்சல்? நானே குடிக்கிறேன் பாரு" என்று ஒரு டம்ளர் குடித்துக் காட்டினார். அது அவர் காரிலிருந்து வந்த தண்ணீர் என்று டிரைவர் பிறகு சொன்னான். அப்பா அந்த டம்ளரை நம்பி நாலு வருஷம் குடித்தார். கடைசி ஆறு மாதம் அவரைப் புரட்டிப் போட்டுத் துடைத்தவள் நான். அந்த ஆறு மாதத்துக்கும் அந்த ஆள் பதில் சொல்லியாக வேண்டும்.

பழிவாங்குவது கர்த்தருடைய வேலை என்று இங்கே பாஸ்டர் சொல்கிறார். அவருக்கு வேலை ஜாஸ்தி, நான் கூடமாட உதவி செய்கிறேன் என்றேன். சிரிக்கவில்லை மனுஷர்.

கம்பெனியை இரண்டு மடங்காக்க அனுமதி கேட்டிருக்கிறார்களே, அதற்கான பொது விசாரணை செப்டம்பர் 24 தானே? அதற்குள் நம் தெருவில் எல்லோரும் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். ஈமெயிலில் எதுவும் எழுதாதே. உன் கையெழுத்தில் கடிதம் போடு.

அன்பு முத்தங்களுடன்,
ஃபீபி

ராணிப்பேட்டை
20.7.2003

அன்புள்ள ஃபீபி,

கடிதம் கிடைத்தது. உன் மகன் நலமா? நாங்கள் நலம். மகள் ஒன்பதாம் வகுப்பில் கணக்குக்கு மட்டும் உன்னைப் போலவே அழுகிறாள்.

முத்துக்கடைப் பகுதியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் காசி பக்கத்தை அச்செடுத்து எல்லோருக்கும் கொடுக்கிறார். தெருக்கோடி ஹலீமா பீ பீடி சுற்றுவதை நிறுத்திவிட்டு, தன் கிணற்றின் வரியை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். "ஏழு வருசமா தெரிஞ்சே குடிக்க வுட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

முதலாளி ஆபீசையே இரண்டாக்கிவிட்டார். "எவன் குடுத்தான்? எவன் கைய ஒடிக்கணும்?" என்று கத்தினார். நான் சுருக்கெழுத்து நோட்டோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன். கத்தி முடித்துவிட்டு, கலெக்டருக்கு ஒரு கடிதம் சொன்னார். 'எங்களிடம் அப்படியொரு அறிக்கையே கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு நர்ஸ் ஜோடித்த பொய்க் காகிதம் அது.' வழக்கம்போல நான்தான் டைப் அடித்தேன்.

வழக்கம்போல என்று எழுதும்போதே கை கூசுகிறது. தண்ணீரைப் பரிசோதித்தீர்களா என்று உன் அப்பா கேட்டெழுதியபோது, 'எந்தப் பரிசோதனையும் செய்யப்படவில்லை' என்று பதில் போனதே, அதை அடித்ததும் இதே விரல்கள்தான். அன்றைக்கு டிராயரில் அறிக்கை இருப்பது எனக்குத் தெரியும். உன்னிடம் ஒரு தரம் சொல்லி அழுதிருக்கிறேன். அழுதால் தீர்கிற விஷயம் இல்லை அது. அந்த ஆளை அவர் வாயாலேயே மாட்ட வைக்க வேண்டும். அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

உன்,
அம்பிகா

மஸ்கட்
18.8.2003

அம்பிகா,

நலம் விசாரிக்க மனசில்லை.

போன வாரம் பக்கத்தைத் திறந்தால் அப்பாவைக் காணவில்லை. வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி, 'பதிப்புரிமைப் புகாரின் பேரில் நீக்கப்பட்டது.' அமெரிக்கக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். அவர்கள் நாட்டுச் சட்டமாம். 'இது என் சொத்து' என்று ஒருவர் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டு அனுப்பினால், முதலில் எடுத்துவிடுவார்களாம். நம்மைக் கேட்பதெல்லாம் அப்புறம்தான். கழிவு நீருக்குச் சொந்தம் கொண்டாட இத்தனை வருஷம் ஒருத்தரும் வரவில்லை. அது கெட்டது என்று சொன்ன காகிதத்துக்கு மட்டும் சொந்தக்காரர் வந்துவிட்டார்.

புகாரின் நகலும் அனுப்பினார்கள். அடியில் உன் முதலாளியின் கையெழுத்து. அதற்கும் கீழே, 'தொடர்புக்கு: திருமதி கோ. அம்பிகா.'

நாலு தரம் படித்தேன். அந்த ஆளுக்கு ஈமெயில் திறக்கக்கூடத் தெரியாது என்று நீதான் சொல்வாய். இந்த வழியை அவருக்குக் காட்டியது யார்?

நான் சும்மா உட்காரவில்லை. இந்தச் சட்டத்தை எதிர்க்கிறவர்கள் பல தேசங்களிலிருந்தும் கூடிப் பேசும் இடம் ஒன்று நெட்டில் இருக்கிறது. அங்கே போய் அழுதேன். ஒரே நாளில் முகம் தெரியாத பதினாலு பேர் பக்கத்தைத் தங்கள் தங்கள் இடத்தில் ஏற்றிவிட்டார்கள். எவர் மிரட்டினாலும் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். 'விசாரிக்காமல் எதையும் நீக்கக் கூடாது' என்று மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறோம். எங்கள் ஆஸ்பத்திரியில் மட்டும் அறுபது பேர் போட்டிருக்கிறார்கள். அங்கேயெல்லாம் அறிக்கைக்குக் கீழே அந்தப் புகாரையும் போட வைத்திருக்கிறேன், உன் பெயரோடு. ஊர் பார்க்கட்டும்.

இன்னும் உன்னை முழுசாக வெறுக்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லு.

ஃபீபி

ராணிப்பேட்டை
30.8.2003

அன்புள்ள ஃபீபி,

உன் கோபம் நியாயம். முதலில் ஊர்ச் செய்தி.

அந்தப் பக்கத்தை யார் கம்ப்யூட்டரில் திறந்தாலும் அவர்மேல் வழக்கு என்று எல்லா பிரவுசிங் சென்டருக்கும் கம்பெனி வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். மற்றவர்கள் பயந்து மூடிவிட்டார்கள். காசி மட்டும் அந்த நோட்டீசையும், அறிக்கையையும், நீ பக்கத்தில் போட்ட முதலாளியின் புகாரையும் அச்செடுத்துக் கடைச் சுவரில் வரிசையாக ஒட்டிவிட்டார். ஹலீமா பீ பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு கிணற்றிலும் அதனதன் எண்களைக் கரியால் எழுதினார். கம்பெனி ஆட்கள் வந்து வெள்ளையடித்தார்கள். வெள்ளையின்மேல் கரி இன்னும் எடுப்பாகத் தெரிகிறது என்று மறுபடி எழுதிவிட்டார்கள். "நெட்டுல அழிச்சா கெணத்துல எழுதுவோம். கெணத்தயும் தூக்கினு பூடுவானா?" என்கிறார் ஹலீமா பீ. உன் மனுவை காசி தமிழில் எழுதி வைத்தார். இருநூறு பேர் போட்டிருக்கிறார்கள், பாதிக்கு மேல் கட்டைவிரல். சட்டம் எந்த நாட்டுடையதாக இருந்தால் என்ன, தண்ணீர் எங்களுடையது என்கிறார்கள்.

உன் கேள்விக்கு இப்போது பதில் இல்லை. விசாரணை நடக்கும் 24 வரை பொறு. சொன்னால் அன்றைக்கே அதையும் பக்கத்தில் போட்டுவிடுவாய். பத்தாம் வகுப்பில் உன்னிடம் நான் சொன்ன ஒரே ரகசியம் மத்தியானத்துக்குள் ஹெட்மிஸ்ட்ரஸ் வரைக்கும் போனது நினைவிருக்கிறதா? உன் வாய் அப்படி. என்னைத் திட்டு, சபி, ஆனால் பொறு.

உன்,
அம்பிகா

மஸ்கட்
11.9.2003

திருமதி அம்பிகாவுக்கு,

பொறு என்று எழுதியிருக்கிறாய். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எங்கள் அப்பா பொறுத்துப் பொறுத்து ஆறடி பூமி ஆண்டார். அவருக்குப் பொய் அடித்துக் கொடுத்த விரல்கள் எனக்கும் அடித்துக் கொடுத்திருக்கின்றன. அது போதாதென்று பள்ளிக்கூடக் கதை சொல்லி என்னைக் கேலி வேறு செய்கிறாய். சம்பள உயர்வு கிடைத்ததா? இல்லை, பயந்துவிட்டாயா? எதுவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

இன்று காலை உன் முதலாளிக்கு ஒரு பேக்ஸ் அனுப்பினேன். 'அறிக்கையை எனக்கு எடுத்துக் கொடுத்தவர் உங்கள் டைப்பிஸ்ட் அம்பிகா. பாம்புக்குப் பால் வார்க்கிறீர்கள், எனக்கும் அதே பாம்புதான் கொத்தியது' என்று எழுதினேன். சந்தேகம் வராமல் இருக்க, அறிக்கை வந்த உறையின் நகலையும் வைத்தேன், உன் கையெழுத்தோடு.

அனுப்பிவிட்டு வார்டுக்குப் போய் நிம்மதியாக வேலை பார்த்தேன். பழிக்குப் பழி இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று தெரியாது. இனி எனக்கு எழுதாதே.

ஃபீபி தேவசகாயம்

நெமிலி
3.10.2003

ஃபீபி,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான்.

விசாரணை முடிந்தது. விரிவாக்கத்துக்கு அனுமதி இல்லை. கழிவுத் தொட்டியை மூடி வைக்கச் சொல்லிவிட்டார்கள். ஒன்பது கிணறுகளையும் புதிதாகச் சோதிக்கப் போகிறார்கள், கம்பெனி செலவில். நீ கேட்டது நடந்துவிட்டது. எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்.

முதலாளிக்கு அவதூறு வழக்குப் போட ஆசை. அதையெல்லாம் அமெரிக்காக்காரன் காதில் வாங்க மாட்டான் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அப்போது நான் போய், "சார், அது நம்ம அறிக்கைன்னு எழுதிக் குடுத்தா உடனே எடுத்துடுவாங்களாம் சார்" என்றேன். அந்தப் படிவத்தை காசியிடமிருந்து வாங்கி வந்தவள் நான். 'எங்கள் நிறுவனம் செலவு செய்து மார்ச் 1996-ல் தயாரித்த அறிக்கை, முழு உரிமையும் எங்களுடையது' என்று அடித்தவளும் நான்தான். வக்கீல் படித்திருந்தால் கையெழுத்துப் போட விட்டிருக்க மாட்டார். அதனால் அவர் சென்னைக்குப் போயிருந்த சனிக்கிழமையன்று நீட்டினேன். முதலாளி படிக்காமல் போட்டார். தொடர்புக்கு என் பெயரைப் போட்டதும் அதற்காகத்தான். அமெரிக்காவிலிருந்து பதில் வந்தால் வேறு யார் கையிலும் சிக்கக் கூடாது.

ஒரு பக்கம், அறிக்கையே கிடையாது என்று கலெக்டருக்கு எழுதிய கடிதம். இன்னொரு பக்கம், அறிக்கை என்னுடையது என்று சத்தியம். இரண்டிலும் ஒரே கையெழுத்து. 24-ந் தேதி இரண்டையும் நானே எழுந்து நீட்டுவதாக இருந்தேன். இந்தத் திட்டம் உனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் அதையும் பக்கத்தில் போட்டிருப்பாய், வக்கீல் முழித்துக்கொண்டு புகாரைத் திரும்ப வாங்கியிருப்பார். புகார் உன் பக்கத்திலேயே ஒரு மாதம் கிடந்தது. எல்லோரும் கையெழுத்தைப் பார்த்துத் திட்டினார்கள், அதற்கு மேலே இருந்த வாசகத்தை நீ உட்பட ஒருவரும் யோசித்துப் படிக்கவில்லை. ஆனாலும் உன்னிடம் நான் சொல்லியிருக்கலாம். அது என் தப்பு. அதற்கான கூலி வந்துவிட்டது.

உன் பேக்ஸ் வந்த அன்று முதலாளி ஆபீஸ் முழுவதும் பார்க்க அதை என் முகத்தில் வீசினார். பையைக் கொட்டி, டிராயரை உருவி, நான் எடுத்து வைத்திருந்த அந்த இரண்டு நகல்களையும் பிரித்துக்கூடப் பார்க்காமல் பிடுங்கிக்கொண்டார்கள். என்னையும், அதே கம்பெனியில் பதினெட்டு வருஷம் தோல் பதனிடும் டிரம் ஓட்டிய என் வீட்டுக்காரரையும், அந்த நிமிஷமே வெளியே தள்ளினார்கள். என்மேல் திருட்டுப் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை எந்தத் தோல் கம்பெனியும் இனி எங்கள் இரண்டு பேருக்கும் வேலை தராது. அண்ணன் வீட்டில் இருக்கிறோம். மகளின் படிப்பு நடு வருஷத்தில் நின்றுவிட்டது. நான் நாற்று நடப் போகிறேன்.

விசாரணையன்று கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றேன். கையில் ஒன்றும் இல்லை. வக்கீல் எழுந்து, அறிக்கை போலி என்று கால் மணி நேரம் பேசினார். அப்புறம் ஹலீமா பீ எழுந்தார். காசி கடைச் சுவரிலிருந்து கிழித்த புகாரின் அச்சு அவர் கையில் இருந்தது. அதற்கு முந்தின நாள்தான் நான் அவருக்கு வரிவரியாகப் படித்து விளக்கியிருந்தேன்.

"பொய்க் காயிதம்னா, என்னுதுன்னு எதுக்குய்யா சத்தியம் பண்ணே?" என்று முதலாளியைப் பார்த்தே கேட்டார்.

கலெக்டர் அதை வாங்கி இரண்டு தரம் படித்தார். உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றால் அறிக்கை உண்மை. இல்லை என்றால் பக்கம் எப்படி இறங்கியது என்று சொல்ல வேண்டும். அந்த ஆள் திரும்பி வக்கீலைப் பார்த்தார். உன் அப்பா நினைவு வந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்குப் போதும். அதை நீ பார்க்கவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

நீயும் உன் பதினாலு பேரும் அந்தப் புகாரைப் போட்டு வைத்திருக்காவிட்டால் ஹலீமா பீ கையில் காகிதம் இருந்திருக்காது. அது உண்மை, மறைக்க மாட்டேன். மஸ்கட் நர்ஸ் என்று பேப்பரில் உன்னைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். என் பெயர் எங்கேயும் இல்லை.

முகத்தில் வீசிய உன் பேக்சை நான் பொறுக்கிக்கொண்டு வந்தேன். காசி அதை ஸ்கேன் செய்து, நடந்ததையும் எழுதி, உன் பதினாலு பேருக்கும் அனுப்பினார். எல்லோரும் ஏற்றிவிட்டார்கள். உன் அப்பா படம், அறிக்கை, புகார், அதற்கு அடியில் நீ என்னைக் காட்டிக் கொடுத்த பேக்ஸ். எவர் மிரட்டினாலும் எடுக்க மாட்டோம் என்று உன்னிடம் சொன்னவர்கள் அவர்கள். உன்னைப் பாராட்டி எழுதுகிறவர்கள் அதையும் படித்துவிட்டு எழுதட்டும். உன் மகன் பெரியவனாகித் தாத்தாவின் படத்தைத் தேடினாலும் அது கூடவே வரும்.

பார்க்கச் சகிக்கவில்லை என்றால் உனக்கு ஒரு வழி உண்டு. அது நீ எழுதியது, அதனால் உன் சொத்து. சத்தியம் செய்து அனுப்பினால், அவர்களுக்கு இடம் கொடுத்த கம்பெனிகள் கேள்வி கேட்காமல் எடுத்துவிடும். படிவம் இத்துடன் இருக்கிறது. உன் பெயரையும் விலாசத்தையும் காசி கடையில் உட்கார்ந்து நானே பிழையில்லாமல் டைப் அடித்துவிட்டேன். உரிமையாளர் என்ற இடத்தில் நீ கையெழுத்துப் போட்டால் போதும்.

கோ. அம்பிகா